எட்டாம் நம்பர் கேமராவின் இடது கை

பீங்கான் கோப்பைகளைப் பெட்டி கட்டி அனுப்பும் கிடங்கு அது. அங்கே கேமரா அறையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பட்டப்பெயர் சோடாபுட்டி. அத்தனை தடிமனான கண்ணாடி போட்டவளையா கண்காணிக்க வைத்தார்கள் என்று கிடங்கே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். பதினோரு வருஷம் நின்றே பெட்டி கட்டி முட்டி தேய்ந்தவளுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததே. பிரவுசரைத் திறந்து பன்னிரண்டு கேமராவையும் வரிசைப்படுத்துவது, வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் தட்டுத்தடுமாறி அவளே கற்றுக்கொண்டது.

அன்று காலை மேனேஜர் உள்ளே நுழையும்போதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முந்தின நாள் எட்டாம் நம்பர் கேமராவில் பதிவானதை ஓட்டச் சொன்னார். சரக்கு அடுக்கும் ராக்கின் மறைவிலிருந்து கையுறை போட்ட கை ஒன்று நீண்டு, ஒரு பெட்டியைத் தரையில் வீசியது. ஆள் தெரியவில்லை. ஆனால் அது இடது கை.

"பாத்தியா? பீச்சாங்கை! அங்க பீச்சாங்கைக்காரி ஒருத்திதான். இதைப் பென் டிரைவ்ல காப்பி போட்டுக் கொடு, இன்னைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அந்த ஒருத்தி, நிற்கிறவர்களுக்கு ஸ்டூல் வேண்டும் என்று போன வாரம் வாய் திறந்தவள். மேனேஜர் தேடாமலே சாக்குக் கிடைத்துவிட்டது.

சோடாபுட்டி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஷட்டர் கதவு ராக்குக்கு இடப்பக்கம் தெரிந்தது. கேமரா இருக்கும் மூலையிலிருந்து பார்த்தால் அது வலப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்!

தப்பு அவளுடையதுதான். போன மாதம் எலக்ட்ரீஷியன் அந்தக் கேமராவைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனார். இவள் பிரவுசரில் செட்டிங்ஸைத் திறந்து, படத்தை மேல்கீழாகத் திருப்பும் கட்டத்தில் மட்டும் டிக் போட்டாள். பக்கத்திலேயே இருந்த, இடவலமாகத் திருப்பும் கட்டத்தை விட்டுவிட்டாள். திரையில் ஆட்கள் நேராக நின்றதும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டால் நாற்காலி மிஞ்சும். ஆனால் கீழே ஒருத்தி செய்யாத தப்புக்குத் தெருவில் நிற்பாள். நினைக்கும்போதே சோடாபுட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், படத்துல இடது வலது மாறியிருக்கு. செட்டிங் தப்பாப் போட்டது நான்தான்."

"கதை விடாத. காப்பி போடு."

"போட மாட்டேன் சார்."

பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துக் கீழே அந்த இடது கைக்காரியையே கூப்பிட்டாள். "ஏம்மா, எட்டாம் நம்பர் கேமரா முன்னாடி வந்து நின்னு உன் இடது கையைத் தூக்கு." பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலைத் திறந்தாள். "கீழயும் பாருங்க, திரையிலயும் பாருங்க."

கீழே இடது கை உயர்ந்திருந்தது. திரையில் வலது கை.

மேனேஜரின் குரல் இறங்கியது, குத்தல் இறங்கவில்லை. "தப்பு உன்னுதுன்னு எழுதிக் கொடுப்பியா? வேலை போயிடும், தெரியுமில்ல?"

அவள் காகிதத்தை இழுத்து நாலே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு செட்டிங்ஸைத் திறந்து அந்த இரண்டாவது கட்டத்திலும் டிக் போட்டாள்.

"அப்ப பெட்டியை வீசினது யாரு?"

"தெரியாது சார். வலது கைக்காரங்க கீழ பதினாலு பேரு, மேல நீங்க, நான். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. அவ மேல கை வைக்காதீங்க."