எழுபது கிலோவின் குத்து

குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்யும் ஆறுமுகநயினாருக்குக் காலையில் இன்னொரு வேலை உண்டு. குத்துக்கல்வலசை பாக்சிங் கொட்டகையில் வயிற்றில் தடித்த தோல் பெல்ட் கட்டி நின்று குத்து வாங்குவார். பெல்ட்டில் மட்டும்தான் குத்த வேண்டும். யார் குத்து எப்படி என்று அவர் சொன்னால் கோச் மசூதுக்கு மறுபேச்சில்லை.

மாவட்ட அணியில் எழுபத்தைந்து கிலோ பிரிவுக்கு ஒரே இடம்தான் இருந்தது. பேச்சிராஜ் அந்த எடைக்காரன். எழுபது கிலோ அஹ்சனும் எடையைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போகிறேன் என்று நின்றான்.

"ஆளுக்கு மூணு குத்து. யாரை அனுப்பலாம்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் மசூது.

பேச்சிராஜின் குத்துகள் மெயினருவித் தண்ணீர் மாதிரி மொத்தமாக விழுந்து நயினாரைச் சுவர்வரை தள்ளின. உதடு கடிபட்டு ரத்தம் வழிந்தது.

"காலைல சாப்பிடலையா அண்ணாச்சி?" என்று சிரித்தான் பேச்சிராஜ்.

அஹ்சனின் இரண்டு குத்துக்கு நயினார் அசையவேயில்லை.

"ஏலே, கொசு கடிக்குது," என்றார்.

மூன்றாவது குத்து பெல்ட்டுக்கு மேலே விலாவில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒரு நொடி நின்றவர், முழங்கால் மடிந்து விழுந்து வாந்தியெடுத்தார்.

"பெல்ட்டுக்கு மேல குத்திட்டான், செல்லாது!" என்று கத்தினான் பேச்சிராஜ்.

நயினார் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போட்டியில எவன்லே பெல்ட் கட்டி நிப்பான்? நீ குத்துனா ஆளு பின்னால போவான். இவன் குத்துனா கீழ போவான். இவனையே அனுப்புங்க, மசூது."

அழுதபடி தூக்க வந்த அஹ்சனைக் கையசைத்துத் தடுத்தார்.

"நீ தொடாதலே, உன் கை பட்டா இன்னொரு எலும்பும் போயிரும். பேச்சி, நீ வந்து தூக்கு."