டிக்கிக்குப் போன பேட்டரி

என் மனைவி கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவள். இதைச் சொன்னால் சிலர் முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்கள் வண்டியில் ஹாரன் சரியாக அடிப்பதில்லை என்பார்கள். மாமனார் இறந்ததும் அவருடைய பட்டறையின் ஷட்டரைத் தூக்கியவள் அவள்தான். அப்போது அவள் தம்பி அரை டவுசர் போட்டுக்கொண்டிருந்தான். அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர் தேடுவாளாம். தைரியசாலி. ஆனாலும், கேஸை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியில் என்னைத் திருப்பி அனுப்புவாள். நானும் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்ப்பேன். ஒருநாளும் திறந்திருந்ததில்லை.

அப்படிப்பட்டவள் வளர்த்த தம்பிக்குக் கார் பந்தயத்தில் ஆசை வந்தது. பத்திரமாக வளர்த்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. சின்னப் பந்தயங்களில் ஓட்டினான், ஒன்றிரண்டில் ஜெயித்தான். அடுத்த பந்தயத்தைப் பார்க்க ஒரு பெரிய டீமின் மேனேஜர் வருகிறார், பிடித்துப்போனால் தன் டீமிலேயே எடுத்துக்கொள்வார் என்று தெரிந்ததும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன்பக்கக் கனத்தைக் குறைக்கப் பேட்டரியை டிக்கிக்கு மாற்றவேண்டும் என்று அக்காவிடம் வந்து நின்றான்.

“வேற ஆள்கிட்ட குடுத்துடவா?” என்றான். அவள் பலவீனம் தெரிந்தவன்.

“எவன்கிட்டயும் குடுக்க வேணாம். நானே செஞ்சு தரேன்.”

செய்தாள். பேட்டரியை மூடி போட்ட பெட்டியில் வைத்து, இரும்புப் பட்டையால் வண்டியின் அடித்தகட்டோடு போல்ட் போட்டு முறுக்கினாள். பேட்டரியிலிருந்து வரும் வாயு வெளியே போக ஒரு குழாய். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். தடித்த ஒயரைப் பெட்ரோல் குழாய்ப் பக்கம் போகவிடாமல், தகடு உரசும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போட்டு முன்னால் கொண்டுபோனாள். கடைசியாக, வண்டியின் பின்புறம் வெளியே ஒரு சிவப்பு ஸ்விட்ச். விபத்து நடந்தால் யார் வேண்டுமானாலும் ஓடிவந்து அதை அழுத்தலாம். எஞ்சினும் பெட்ரோல் பம்ப்பும் அந்த நொடியே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பம்ப் தீக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

விளக்கைப் போட்டு ஸ்விட்சை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. ஹாரனும் ஊமையானது. திருப்தியாகக் கை கழுவினாள். பட்டறைகளில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதில்லை.

பந்தயத் திடலில் பாதுகாப்புச் சோதனைக்கு வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் முறை வந்தது. சோதனை அதிகாரி பெட்டியை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. குழாயைப் பார்த்தார். “சுத்தமான வேலை” என்றார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஓட்டுநர் சீட்டில் இருந்த தம்பியிடம், “எஞ்சினை ஓடவிடு, ஸ்விட்சை அழுத்தறேன்” என்றார்.

அழுத்தினார். எஞ்சின் நின்றது. நான் கை தட்டப் போனேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஓட்டுநர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தவள் அவள். அவர் அழுத்திய அதே நேரம் தம்பியின் கை சாவியைத் திருப்பியதைப் பார்த்துவிட்டாள். ஏன் திருப்பினான் என்பதும் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடுகிற எஞ்சின் டைனமோவைச் சுழற்றும். பேட்டரியை வெட்டினாலும் டைனமோ தரும் மின்சாரத்தில் எஞ்சின் பாட்டுக்கு ஓடும். டைனமோ ஒயரையும் அந்த ஸ்விட்ச் வெட்டுகிற மாதிரி கொடுத்திருக்கவேண்டும். கொடுக்கவில்லை. காலையில் ஓட்டிப் பார்த்தபோதே அவன் அதைக் கண்டுபிடித்திருக்கிறான், வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி சோதனையில் தேறியதற்கான ஸ்டிக்கரை ஒட்டக் குனிந்தார்.

“சார், இன்னொரு தடவ அழுத்துங்க” என்றாள் அவள். “இவன் கைய வெளிய நீட்டிக்கட்டும்.”

“அக்கா!” என்றான் அவன். கெஞ்சலா மிரட்டலா என்று எனக்குப் புரியவில்லை.

இந்த முறை அழுத்தியபோது எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

“தப்பு என்னோடது சார். எஞ்சின் ஓடாமலே பாத்துட்டேன். கொஞ்ச நேரம் குடுத்தா ஒயரை மாத்திடுவேன்.”

“ஸ்விட்ச் மட்டும்னா நேரம் குடுத்திருப்பேம்மா. ஏமாத்தப் பாத்தவனை எப்படி ஓட்ட விடுறது?” என்றார் அவர். வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். அந்த மேனேஜர் அவன் ஓட்டுவதைப் பார்க்கவே இல்லை.

மைத்துனன் ஹெல்மெட்டைச் சீட்டில் எறிந்தான். “நீயே ஒயரிங் பண்ணி, நீயே காட்டிக் குடுத்துட்ட. உனக்கு நான் ஓட்டறதே பிடிக்காது. சாக்கு கெடச்சுது, இல்ல?”

அவன் சொன்னதில் பாதி உண்மை என்பது மூன்று பேருக்குமே தெரியும். எனக்கே அந்த நிமிடம் அவள்மேல் கோபம் வந்தது. ஊரறியத் தம்பியை இப்படி நிற்கவைக்கவேண்டுமா? அந்த ஸ்விட்சை அழுத்தியும் எஞ்சின் நிற்காமல் தீப்பிடித்து எரியும் வண்டியை நான் மனதுக்குள் பார்க்க இரண்டு நாள் பிடித்தது. பிறகு தூக்கம் போயிற்று.

அவன் வேறு வீடு பார்த்துக்கொண்டான். வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனான். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அவள் நடையை மெதுவாக்குவாள்; உள்ளே மட்டும் போகமாட்டாள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு மூன்றை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் பேப்பரை விரித்துக்கொள்வேன்.

அடுத்த பந்தயத்துக்கு அவன் என்னை மட்டும் கூப்பிட்டான். சோதனை முடிந்ததும் அவளே போன் செய்தாள்.

“ஸ்விட்ச அழுத்தினாங்களா?”

“அழுத்தினாங்க.”

“நின்னுச்சா?”

“உடனே நின்னுச்சு.”

பிறகு, “ஏங்க, அவன் கை எங்க இருந்துச்சு?”

“ஜன்னலுக்கு வெளிய. ரெண்டு கையும். ஆபீசர் கேக்கறதுக்கு முன்னாடியே நீட்டிட்டான்.”

போனை அவன் பக்கம் நீட்டினேன். அவன் அதையே பார்த்தான், தலையை ஆட்டி மறுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

“ஹெல்மெட் போட்டுட்டான், பேச முடியாது” என்றேன்.

“சரிங்க. ஓட்டட்டும்” என்றாள். போனை வைக்கவில்லை. வண்டிகள் கிளம்பும் சத்தத்தில் அவள் அழுவது எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டாள்.