வேக வைத்த கம்பிகள்

எங்கள் திருச்சபையின் பேஸ் கிடார் பல வருஷமாகப் பீரோவுக்குள் கிடந்தது. வாசிக்க ஆளில்லை என்றார்கள், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். நாற்பத்து மூன்று வயதில் இதென்ன ஆசை என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆசைக்குக் காரணம் உண்டு. இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அதற்குமுன் சோமனூரில் பதினெட்டு வருஷம் விசைத்தறி ஓட்டினேன். அந்த இரைச்சலுக்குள் நின்றபடியே கனவு காண்பேன். சத்தமெல்லாம் மெல்லக் கரைந்து, அடியில் ஒரு கனத்த தாளம் மட்டும் மிஞ்சும். அதன்மேல் மனசுக்குள் பாட்டுக் கட்டுவேன். பேஸ் கிடாரை முதன்முதலாகத் தட்டியபோது அதே தாளம் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

குறை ஒன்றுதான். அதன் சத்தம் இருட்டாக இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல, ஒவ்வொரு சுரமும் மங்கி மங்கி வந்தது. அறுப்பின் பண்டிகைக்கு இரண்டே வாரம். முதல்முறை சபைக்கு முன்னால் வாசிக்கப்போகிறேன், சுத்தமாகக் கேட்க வேண்டாமா?

சத்தத்தைக் கூர்மையாக்கும் டோன் நாபை முழுக்கத் திருப்பினேன். ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளை ஏற்றினேன். விரலை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பிக்கால் கம்பியின் கடைசி முனையில் வாசித்தேன். போதவில்லை. பழைய கம்பியைக் கொதிக்க வைத்தால் அழுக்கு போய்ப் பளிச்சென்று ஒலிக்கும் என்று ஒரு வீடியோ சொன்னது. என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. கொதிக்க வைக்க அவரைவிட யார் வேண்டும்?

"ஏனுங்க, பிளீச் கிளீச் போட்டுறாதீங்க."

"சும்மா இரு புள்ள. வெறுந்தண்ணிதான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாலு கம்பிகளும் பாத்திரத்துக்குள் மெதுவாகச் சுழன்றன. ஆவி ஜன்னல் வெயிலில் ஏறிக் கலைந்துகொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. பண்டிகை நாளில் என் சுரங்கள் சர்ச் முழுக்கத் தெளிவாக மிதப்பதாகத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

காயவைத்து மாட்டியும் இருட்டு போகவில்லை. புது ஸ்டீல் கம்பியும் வாங்கி மாட்டினேன். பண்டிகைக்கு முந்தின நாள் ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, காதைக் கிழிக்குதுங்க. கொறைக்க முடியலீன்னா சொல்லுங்க, பேஸை நானே எடது கைல வாசிச்சுக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அந்த டீச்சரைத் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவங்க சொல்றது நெசந்தான் புள்ள."

"அப்பறம் எனக்கு மட்டும் ஏனுங்க மங்கலாக் கேக்குது?"

"குக்கர் விசில இப்பெல்லாம் நாந்தானே எண்றேன். நீ கவனிக்கலியா?"

நான் கவனிக்கவில்லை. இருட்டு கிடாரில் இல்லை, என் காதில். தறி எடுத்துக்கொண்டது போக மிச்சத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய்விட்டு அழுதேன்.

"தெரிஞ்சுட்டேதான் கம்பிய வேக வெச்சீங்களா?"

"கொறை கம்பியிலயே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டுத்தான் கண்ணு வேக வெச்சேன்."

முகத்தைக் கழுவிவிட்டு வந்து கிடாரை மாட்டிக்கொண்டேன். நாபை அவரிடம் விட்டேன். நான் வாசிக்க வாசிக்க, அவர் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பினார். எனக்கு ஒவ்வொரு சுரமும் கிணற்றில் இறங்கிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கண்ணை மூடித் தலையாட்டினார். துணியில் பழுதைக் காட்ட நாங்கள் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று என் பையில் இருந்தது. அதை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன்.

மறுநாள் அந்த அம்பிலேயே வைத்து வாசித்தேன். டீச்சர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.