வருத்தம் வேறாம், மன்னிப்பு வேறாம்

பழவேற்காட்டு ஏரியில் முறைபோட்டுத்தான் வலை கட்டுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். என் பாடு வந்த நாளில், பொன்னேரியில் காலேஜ் படித்த என் பங்காளி வலை கட்டி இறாலை அள்ளிக்கொண்டான். ஊர்க்கூட்டத்தில் அவனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

"ரிக்ரெட் பண்றேன். அபாலஜி கேக்க மாட்டேன்" என்றான்.

"ரெண்டுக்கும் இன்னாடா வித்தியாசம்?" என்றார் தலைவர்.

"ரிக்ரெட்னா வருத்தம். அபாலஜின்னா தப்ப ஒத்துக்கறது."

திருட்டு இறால் தின்ற வாய்க்கு இங்கிலீஷ் ஒரு கேடு.

"சரி நைனா, உன் அடுத்த பாடு இவனுக்கு. நீ கரையில குந்திக்கினு ரிக்ரெட் பண்ணு" என்றார் தலைவர்.

அவன் பாடு வந்த நாளில் எனக்கு நல்ல இறால். அவன் கரையில் நின்று இங்கிலீஷில் ஏதோ கத்தினான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.