டைரக்‌ஷன் என்ற வரியில் நான் அடித்த கோடு

எதையும் வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. அதனால் சொல்லப்போவதை முதலில் எண் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு, இரண்டாயிரத்து நான்கிலோ ஐந்திலோ, ஒரு பழைய சினிமா டைரக்டர் வந்தார்.
2. அவர் தேடி வந்தது எங்கள் ஃபைல் ரூமில் இருந்தது.
3. அவர் பெயர் போஸ்டரில் வராமல் போனதற்கு நான் காரணமில்லை. மெட்ராஸிலிருந்து சொன்னார்கள், செய்தேன்.
4. இன்றைக்கு இதெல்லாம் எவ்வளவு சுலபம்.

ஃபைல் ரூமுக்கென்று ஒரு வாசனை உண்டு. பழைய மை, காய்ந்த பசை, ராமபாணப் பூச்சிக்காகப் போட்ட அந்துருண்டை... வெளியே ஆடிக் காற்று. கீழே மெஷின்களில் பட்டாசு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. சீசன்.

அச்சடிக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு காப்பி எடுத்து, அதன் புரூஃபைப் பின்னால் குத்தி, வருஷவாரியாக அடுக்குவது என் பொறுப்பு. பத்தொன்பது வயதில் புரூஃப் பார்க்கச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் வைத்திருந்தேன்.

அன்று மாடியேறி இரண்டு பேர் வந்தார்கள். கழுத்துப் பட்டன் வரை போட்ட முழுக்கைச் சட்டையில் ஒரு பெரியவர். கூட அவர் மகன், ஐம்பதை நெருங்கியவர்.

"சாத்தூர்ல இருந்து வாரோம் சார்," என்றார் மகன். "எம் பொண்ணுக்குக் கல்யாணம், கார்டு ஆர்டர் குடுக்க வந்தோம். தாத்தா பேருக்குக் கீழ திரைப்பட இயக்குநர்னு போடணுமாம். படத்துப் பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியல. சம்பந்தக்காரவுக கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

பெரியவர் அதைக் காதில் வாங்காதவர்போல என்னைப் பார்த்தார்.

"போஸ்டர் இங்கனதான் அடிச்சாக. மொதல்ல போட்ட புரூஃப்ல என் பேரு இருந்துச்சு. ஸ்டூடியோவுல என் கண்ணால பாத்தேன். அது கெடக்குமா?"

படத்தின் பெயரைச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் தெரியும்... தெரியும் என்று அப்போது சொல்லவில்லை.

தேட அதிக நேரமாகவில்லை. கட்டைப் பிரித்துப் போஸ்டரை மேசையில் விரித்தேன். சிவப்பும் நீலமும் அப்படியே இருந்தன. அடியில், டைரக்‌ஷன் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில், ஸ்டூடியோ முதலாளியின் பெயர்.

"பாத்தீகளாப்பா," என்றார் மகன். "இதுக்குத்தான் பஸ் ஏறி வந்தமா?"

நான் போஸ்டரைத் திருப்பி, பின்னால் குத்தியிருந்த புரூஃபைப் பிரித்தேன். அதே படம், அதே எழுத்து. டைரக்‌ஷன்: வேலுச்சாமி. அந்தப் பெயரின் மேல் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. ஓரத்தில் என் இனிஷியல்.

மகன் குனிந்து இரண்டு தடவை வாசித்தார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "எப்பா... நெசந்தானா?"

பெரியவர் என்னிடம்தான் பேசினார். ஸ்டூடியோவில் அப்போது டைரக்டரும் மாசச் சம்பளக்காரர்தானாம். ஏழு வருஷம் உதவியாளராக இருந்து, பிறகு கிடைத்த ஒரே படம். கடைசிப் பாட்டை எடுக்கும்போது முதலாளியோடு வாக்குவாதம்.

"டைட்டில் கடைசியிலதான் எழுதுவாக. அதுக்குள்ள போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாச்சு. போஸ்டர்ல ஒரு பேரு, படத்துல ஒரு பேரா இருந்தா நல்லாருக்காதுன்னு அதயே டைட்டில்லயும் எழுதிட்டாக. பெறகு எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும், நீங்க என்ன படம் பண்ணீகன்னு கேப்பாக. என்னத்தச் சொல்ல? ஊருக்கு வந்து தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸ்ல உக்காந்துட்டேன்."

போஸ்டரைப் பார்த்துத்தான் டைட்டில் எழுதினார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. போஸ்டர் என்பது மழையில் கரைந்துபோகும் காகிதம் என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன்.

"ஐயா, இந்தக் கோட்டை அடிச்சது நான்தான்," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

பெரியவர் ஓரத்திலிருந்த என் இனிஷியலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க என்ன செய்வீக, சொன்னதச் செஞ்சிருப்பீக... ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் பேரக் கண்டிப்பா எடுக்கணும்னு மொதலாளி சொன்னாரா? இல்ல, கோவத்துல சும்மா சொல்லிவிட்டாரா? அவரு என்னய வேண்டாம்னே நெனச்சாரான்னுதான் இத்தன வருசமா எனக்குத் தெரியல."

"கண்டிப்பா எடுக்கணும்னுதாங்கய்யா சொன்னாக," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். புரூஃபை மடிப்புக் கலையாமல் மடித்து என்னிடமே தந்தார்.

மகன், "கார்டுல போட்டுருவோம்ப்பா, அதான் இருக்கே," என்றார்.

"வேண்டாம்லே. பேரு மட்டும் போடு, போதும்."

அப்படித்தான் அந்தக் கார்டை அச்சடித்தோம். புரூஃப் பார்த்ததும் நான்தான். வேலுச்சாமி, சாத்தூர். அவ்வளவே.

இப்போது எங்கள் தெருவில் காலேஜ் படிக்கும் ஒரு பையன் செல்போனில் குறும்படம் எடுத்திருக்கிறான். எட்டு நிமிஷப் படத்தில் அவன் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. எழுத்துப்பிழை ஒன்றைக் காட்டினேன். டீ ஆறுவதற்குள் திருத்திவிட்டான். அன்றைக்கு ஒரு வரியை மாற்ற மெஷினை நிறுத்தி, பிளேட்டை இறக்கி, எழுத்தைச் சுரண்டி, ஆர்ட்டிஸ்டை வரவழைத்து... அரைநாள் போய்விடும். அந்த அரைநாளில் யாராவது ஒருவர், 'இது வேண்டாமே' என்று சொல்லியிருக்கலாம்.

இதுவரை எழுதியதை மேலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது பாயிண்ட் தவறு.

அன்று மெட்ராஸிலிருந்து வந்த ட்ரங்க் காலை எடுத்தவன் நான். ஸ்டூடியோ மேனேஜர் சொன்னது இதுதான்: "பிளேட் மெஷின்ல ஏறலைன்னா முதலாளி பேரைப் போடுங்க. ஏறிடுச்சுன்னா விட்டுடுங்க. டைரக்டர் பேரே இருக்கட்டும்னு முதலாளி சொல்லிட்டார்."

பிளேட் ஏறியிருந்தது. வேலுச்சாமி பெயரோடு நூறு இருநூறு தாள் ஓடியும் விட்டது. பெயரை மாற்றாமல் விட்டதற்குப் பின்னால் யாராவது என்னைக் குறை சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, நானாகத்தான் கீழே இறங்கிப் போய் மெஷினை நிறுத்தச் சொன்னேன்.