பச்சை வேணாங்க, வெள்ளை!

போன வருஷம் ஆடி மாதம், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நடந்தது இது.

நான் கட்டட வடிவமைப்பாளர். வேப்பூரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கிளினிக்கின் முகப்பு ஜன்னலுக்குப் பீங்கானில் வலைத் தடுப்பு செய்ய ஆசைப்பட்டேன். கம்ப்யூட்டரில் நான் வரைந்த வடிவத்தை ஒரு மெஷின் பருத்தி நூலில் வலையாகப் பின்னித் தரும். அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, களிமண் கரைசலில் தோய்த்து, காயவைத்துச் சுட்டால் நூல் எரிந்துபோகும், பின்னல் பீங்கானாக நிற்கும். சூளையில் மண் சுருங்கும் என்பதால் அளவைக் கூட்டியே வரைந்திருந்தேன். எல்லாம் தெரியும் என்ற மிதப்பு வேறு.

தோய்க்கிற வேலை, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரும் ஓர் அக்காவுக்கு. ஆரம்பித்த அன்று போன் செய்தார்.

"மேடம், நீங்க குடுத்திருக்கிறது பச்சை தானுங்களே?"

சைட்டில் டிரில்லிங் சத்தம், எனக்கு அவசரம். "ஐயோ, பச்சை வேணாங்க! வெள்ளை, சுத்த வெள்ளை" என்று வைத்துவிட்டேன்.

சூளை திறந்த அன்று முதல் துண்டை என் அளவுச் சட்டத்தில் வைத்தேன். இரண்டு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததும் அப்படியே. இருபத்துநாலும் அப்படியே! அடுத்த வாரம் திறப்பு விழா.

பட்டறையே பார்க்க, அந்த அக்காவைப் பிடிபிடி என்று பிடித்தேன். அளவு தெரியாதவரை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று முதலாளியிடமும் கத்தினேன். அவரும் "நாளையிலிருந்து நீ வர வேணாம்மா" என்று சொல்லிவிட்டார்.

அக்கா என்னைத்தான் பார்த்தார். "மேடம் தானே பச்சை இல்லன்னாங்க? சரி, சுட்டு வெள்ளையா வர்ற அளவைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். சுருங்குறதுக்குச் சேத்து இழுத்துக் கட்டுனேன்."

"நான் கலரைச் சொன்னேன்!" என்றேன்.

முதலாளி தயங்கினார். "மேடம், சுடாத மண்ணத்தான் இங்க பச்சைன்னு சொல்லுவோம். நீங்க குடுத்தது சுடறதுக்கு முந்தின அளவான்னு கேட்டிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஏற்கெனவே கூட்டிய அளவை அக்காவும் கூட்டியிருக்கிறார். வேலை தெரிந்த ஒருவர் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை, சரியான நேரத்தில், சரியாகத்தான் கேட்டிருக்கிறார். காது கொடுக்காதது நான். அவர் பிழைப்பில் அல்லவா மண்ணைப் போடப் பார்த்தேன்! ஆனாலும் வாயிலிருந்து வந்தது, "சரி, இவங்களே மறுபடி செய்யட்டும்" என்பது மட்டும்தான்.

மிச்சமிருந்த வலைகளில் அவரே திரும்பச் செய்து கொடுத்தார். கிளினிக்கை ஒரு வாரம் தள்ளித் திறந்தார்கள். பட்டறையில் வேலை முடிந்த கடைசி நாள், குழாயடியில் அவர் கை கழுவும்போது போய், "மன்னிச்சுடுங்கக்கா" என்றேன்.

"வுடுங்க மேடம், நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்" என்றார்.

அந்த ஜன்னல் முன்னால் நின்று இன்றும் பலர் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது: திட்டியது அத்தனை பேர் முன்னால், மன்னிப்புக் கேட்டது யாரும் இல்லாத இடத்தில்.