தம்பிக்கு ஒரு சென்டர்

ஹாக்கியைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பில் இருந்தவன் நான். அறுபதுகளில் செஞ்சியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தேன். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, மூக்கு நுனியில் கோபம். முன்வரிசையில் ஐந்து பேர், நடுவில் மூன்று, பின்னால் இரண்டு, கோலில் ஒருவன். இதில் கூடிப் பேச என்ன இருக்கிறது என்று இருந்த என்னை எங்கள் பங்குச் சாமியார் ஒரு கோடை முழுக்கக் குழப்பியடித்தார். அந்தக் குழப்பம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

சாமியார் கனடாக்காரர், பிரெஞ்சு பேசும் பக்கத்துக்காரர். செஞ்சிக்கு வந்து பல வருஷமாகி, களத்துமேட்டில் ஜனங்களோடு பேசிப் பேசியே தமிழ் படித்ததால், பிரசங்கத்தில்கூட ‘இன்னா’ என்பார். அவருடைய தம்பி கனடாவில் பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹாக்கியில் சம்பளத்துக்கு ஆடுகிறவன். விளையாடுவதற்குச் சம்பளமா என்பது எனக்கு முதல் குழப்பம். விளையாடச் சொல்லிக்கொடுக்கிற எனக்கே அது ஒழுங்காக வருவதில்லை.

சாமியாரின் தங்கை அங்கத்திய செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கட்டி, கப்பல் தபாலில் அனுப்பிவைப்பார். அங்கே தை மாதக் குளிரில் நடந்த ஆட்டம் இங்கே பங்குனி வெயிலில் வந்து சேரும். சாமியார் கட்டை மொத்தமாகப் பிரித்துப் படிக்கமாட்டார். சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் அவர் வீட்டு வராந்தாவில் ஒரு நாளைக்கு ஒரு தாள். அவர் படித்துத் தமிழில் சொல்ல, நானும் ஆஸ்பத்திரி கம்பவுண்டரும் கேட்போம். கம்பவுண்டர் இந்து. எந்தக் கோயிலில் என்ன நடந்தாலும் அங்கே ஓர் ஓரமாக இருப்பார்.

பனிக்கட்டி என்றால் எங்களுக்குத் தெரிந்தது கல்யாண வீட்டுக்கு மரத்தூளில் புதைத்துக் கொண்டுவரும் பாளம்தான். அதன்மேல் செருப்பில் கத்தியைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று சாமியார் சொன்னபோது, யார் காலையாவது வெட்டிவிடாதா என்றுதான் கம்பவுண்டருக்குக் கவலை. எனக்குக் கணக்கு உதைத்தது. முன்வரிசையில் மூன்றே பேராம். மீதி இரண்டு பேர் எங்கே என்று கேட்டேன். மீதி கிடையாது, ஆனால் அப்படி மூன்று மூன்றாக இன்னும் சில கூட்டங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்றார். ஒரு கூட்டம் நிமிஷத்துக்கு மேல் ஓடாது. இறங்கிப் போய் உட்காரும், அடுத்தது ஏறும், பிறகு பழையது மறுபடி வரும். எங்கள் ஹாக்கியில் இறங்கியவன் இறங்கியவன்தான். போதாததற்கு அடிதடி செய்தவனை ஒரு கூண்டில் இரண்டு நிமிஷம் உட்காரவைத்துத் திரும்ப ஆட விடுகிறார்களாம். இது ஹாக்கியா, பஞ்சாயத்தா என்று எரிந்து விழுந்தேன்.

எரிந்து விழுந்தாலும் மறுநாள் போகாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் சாமியாரின் தம்பிக்கு ஆபத்து. அவன் வலதுபக்கத்துக்காரன். ஓட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவனோடு நடுவில் நிறுத்த ஒரு சென்டர் அமையவில்லை. யாரைப் போட்டாலும் பந்து அவனுக்கு ஒரு முழம் முன்னே போகிறது, இல்லாவிட்டால் ஒரு முழம் பின்னே. பந்துகூட இல்லை, ஏதோ ரப்பர் வில்லை. அந்த சீசனுக்குள் சரியான ஜோடி அமையாவிட்டால் அவனைக் கீழ் டீமுக்கு அனுப்பிவிடுவோம் என்று கோச் பேப்பர்காரர்களிடமே சொல்லிவிட்டார். முப்பதை நெருங்கும் வயதில் கீழே போனவன் மேலே வருவதில்லை என்றார் சாமியார். சொல்லும்போது குரல் இறங்கிப் போயிற்று.

கம்பவுண்டர் மிக்சர் பாட்டில் கார்க்குகளைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். ஒன்றை டிங்சரில் முக்கி அதுதான் தம்பி என்றார். இடது வலது அவருக்குத் தகராறு என்பதால் எங்கள் மலைகளின் பெயரையே வைத்துக்கொண்டார். ஊரிலிருந்து பார்த்தால் நடுவில் ராஜகிரி, வலதுபக்கம் கிருஷ்ணகிரி, இடதுபக்கம் சந்திரகிரி. கிருஷ்ணகிரியில் தம்பி நிற்கிறான். ராஜகிரியில் யார்?

நான் கிழவனைச் சொன்னேன். அந்த டீமில் முப்பத்தைந்தைத் தாண்டிய ஒரு சென்டர் இருந்தான். ஓட மாட்டான், ஆனால் கண் உள்ளவன். கம்பவுண்டர் அதை ஒப்பவில்லை. கிழவன் வந்து சேருவதற்குள் நிமிஷம் முடிந்து எல்லாரும் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள் என்றார். அவருக்குப் புதிதாக வந்த துடிப்பான பையன்மேல் ஆசை. அவன் யாருக்கும் கொடுக்காமல் தானே அடிக்கிறவன், தம்பிக்கு வில்லை எப்படி வரும் என்று நான் கத்தினேன். இடதுபக்கத்துக்கு யார் என்பதிலும் சண்டை. கூண்டில் அதிகம் உட்காருகிற முரடனை வைத்தால் தம்பியை யாரும் தொடமாட்டார்கள் என்பது கம்பவுண்டர் கட்சி. கூண்டில் இருப்பவன் தம்பியை எப்படிக் காப்பாற்றுவான் என்பது என் கட்சி. நாங்கள் பார்க்காத ஆட்டத்தில், பார்க்காத ஆட்களுக்காக, தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசினோம்.

சாமியாரோ எவனைச் சொன்னாலும் ஒரு குறை சொன்னார். கிழவன் வலதுபக்கம் திரும்பவே மாட்டான். பையன் அவசரக்காரன். இன்னொருவன் இடதுகைக்காரன், வில்லை சுழன்று வரும். வருகிற மாப்பிள்ளையையெல்லாம் தட்டிக்கழிக்கிற பெண்ணைப் பெற்றவர் மாதிரி இருந்தது அவர் போக்கு. கடைசியில் எனக்குக் கோபம் வந்து, அப்படியானால் யார்தான் சரிப்பட்டவன் என்று கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆறு, குளிர்காலத்தில் கல்லாக உறைந்துவிடுமாம். தம்பி வலதுபக்கம், இவர் நடுவில், பக்கத்துவீட்டுப் பிள்ளை ஒருவன் இடதுபக்கம். “நான் பாக்காமலே தட்டுவேன், மாஸ்டர். அவன் அங்க இருப்பான்” என்றார். பிறகு இவர் சாமியாராவதற்குக் குருமடத்துக்குப் போய்விட்டார். தம்பி அதன்பின் யாரோடு ஆடினாலும் அது கூடிவரவில்லை. இதைச் சொல்லிவிட்டு அன்றைய தாளை மடித்து வைத்தார்.

ஒருநாள் கோச்சின் கெடு தாளில் வந்தது. வருகிற சனிக்கிழமை கீழ் டீமிலிருந்து ஒரு புது ஆளைக் கொண்டுவந்து தம்பியோடு நடுவில் நிறுத்தப்போகிறார். அதுவும் சரிப்படவில்லையென்றால் தம்பி கீழே போகவேண்டியதுதான். புது ஆளைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. கார்க்கை எடுத்து வைத்து விவாதிக்கக்கூட வழியில்லை.

கம்பவுண்டர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சாமியாரிடம் தம்பியின் பிறந்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் பிடித்து மேல்மலையனூர் போய் அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். குங்குமத்தை ஒரு மாத்திரைக் கவரில் போட்டுச் சாமியார் கையில் கொடுத்தார். சாமியார் மறுக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று காலை அவரும் தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை போய் இரண்டு மாதமாகிறது. ஜெயித்ததோ தோற்றதோ அச்சாகி, கப்பலேறி, இதோ மேஜைமேல் கட்டுக்குள் இருக்கிறது. நடந்து முடிந்ததற்கு எதற்கு வேண்டுதல், கடவுள் வந்து மையை அழித்து எழுதுவாரா என்று கேட்டேன்.

“அங்க முடிஞ்சிது, மாஸ்டர். நமக்கு இன்னும் முடியலியே” என்றார் சாமியார்.

“அதான? நாம இங்க வேண்டிக்குவோம்னு அம்மாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்” என்றார் கம்பவுண்டர்.

இரண்டு மதமும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டால் டிரில் மாஸ்டர் என்ன செய்ய முடியும்? வீட்டுக்குப் போகிற வழியில் நானும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொன்னேன். எதற்காகச் சொல்கிறேன் என்று புரியாமல்தான் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் மலைப்பாறை விட்ட வெக்கை வராந்தாவில் அப்படியே நின்றது. சாமியார் தாளைப் பிரித்து முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு எங்களுக்குச் சொன்னார். தம்பி இரண்டு கோல் போட்டிருக்கிறான். இரண்டுக்கும் எடுத்துக்கொடுத்தவன் அந்தப் புது சென்டர். கோச் இனி இந்த ஜோடியைப் பிரிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். புது ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டிவிட்டான், தம்பி அங்கே இருந்தான், இருவரும் சின்னப் பிள்ளையிலிருந்து ஒன்றாகவே ஆடி வளர்ந்தவர்கள் போலிருந்தது என்று பேப்பர்காரன் எழுதியிருக்கிறான். இந்த இடத்தைச் சாமியார் மெதுவாகச் சொன்னார்.

கம்பவுண்டருக்குத் தலைகால் புரியவில்லை. மலையனூர் அம்மாவுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைவீதியில் எதையாவது இனிப்பாக வாங்கிவருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நானும் எழுந்து சாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்தக் கையில் பிடிப்பே இல்லை.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் கூட யாரும் சரிப்படலன்னு ஒவ்வொரு தடவ படிக்கும்போதும் எனக்கு வருத்தமா இருக்குதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், மாஸ்டர். இன்னிக்கித்தான் தெரியுது. எனக்கு அது புடிச்சிருந்திருக்குது.”

சனிக்கிழமைதோறும் அவர் முன்னால் முழங்கால் போட்டு என் பாவத்தைச் சொல்கிறவன் நான். அவர் என்னிடம் சொன்னால் நான் என்ன செய்ய?

“நீங்கதான சாமி அவனுக்காக வேண்டிக்கிட்டீங்க” என்றேன்.

“வேண்டிக்கிட்டேன். நெஜமாத்தான் வேண்டிக்கிட்டேன். அப்புறம் ஏன் எனக்கு இப்படி இருக்குது?”

யோசித்துப் பார்த்தேன்.

“ரெண்டு கோல், சாமி” என்றேன்.

“ஆமா மாஸ்டர், ரெண்டு கோல்” என்று சொல்லி, அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.